வாடகை வீட்டுக் கார்ப்பெட் நாறுகிறதா? வாடையை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

இங்கிலாந்தில் வாடகை வீடு என்றால் படுக்கையறை, ஹால், மாடிப்படி என்று பெரும்பாலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட்தான். ஊரில் செய்வது போல ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட முடியாது. வீடு பார்க்கப் போகும்போது ஜன்னல் திறந்திருக்கும், ஏர் ஃப்ரெஷனர் அடித்திருக்கும், ஒன்றும் தெரியாது. குடிவந்து, ஜன்னலைச் சாத்தி, ஹீட்டிங் போட்ட முதல் ராத்திரியில்தான் வாடை கிளம்பும்.

உடனே பலர் செய்வது, ஒரு கார்ப்பெட் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து நுரை பொங்கக் கழுவுவது. தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். பழைய கார்ப்பெட்டில் நாற்றம் மேலே தெரியும் நூலோடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் அண்டர்லே என்ற மெத்தையிலும், அதற்கும் கீழே பலகையிலோ சிமென்டிலோ இறங்கியிருக்கும். மேலே ஊற்றும் தண்ணீரும் அங்கேயே போய்த் தேங்கும். நாலு நாள் கழித்து முன்னைவிட மோசமாக நாறும். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வைத்தால் காசும் மிச்சம், முதுகும் மிச்சம்.

சுத்தம் செய்யும் முறை எங்கே இருந்தாலும் ஒன்றுதான். சட்டம் பற்றி நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

## எதையும் தொடுவதற்கு முன்

கறை, நிறம் மாறிய இடம், சுவரோரம் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். குடிவரும்போது கொடுக்கும் இன்வென்டரியில் (வீட்டில் என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல்) ‘கார்ப்பெட் நல்ல நிலையில்’ என்று இருந்தால், திருத்தி எழுதித் திருப்பி அனுப்புங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அனுப்பச் சொல்வார்கள். நாற்றம் போட்டோவில் தெரியாது. அதனால், ‘பின் படுக்கையறையில் ஜன்னல் பக்கம் மூத்திர வாடை’ என்று இடம் குறித்து ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. காலி செய்யும் நாளில் டெபாசிட்டைக் காப்பாற்றப்போவது இந்த மின்னஞ்சல்தான்.

## நாற்றம் எந்த இடத்தில், எந்த அடுக்கில்?

ஒரே வீட்டில் இருந்தால் மூக்கு பழகிவிடும். ராத்திரி முழுக்க அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தி வையுங்கள். காலையில் வெளியே ஒரு நடை போய்வந்து, நேராக அந்த அறைக்குள் நுழையுங்கள். முதல் சில மூச்சுகளில் கிடைப்பதுதான் உண்மையான தகவல். அப்புறம் மண்டி போட்டு, நடு அறை, சுவரோரம், ஜன்னல் கீழே, ரேடியேட்டர் அடியில், கதவு நிலை என்று இடம் இடமாக முகர்ந்து பாருங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் இதைவிட நல்ல கருவி வேறு இல்லை.

சந்தேகப்படும் இடத்தில், வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, துணியை முகருங்கள். துணியில் நாற்றம் ஏறினால் நூலிலேயே அழுக்கு இருக்கிறது, கழுவினால் பலன் உண்டு. துணி சுத்தமாக இருந்தும் அறை நாறினால் விஷயம் கீழே இருக்கிறது.

கீழே பார்க்க ஒரு மூலையைத் தூக்கினால் போதும். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையாகத் தேர்ந்தெடுங்கள். கார்ப்பெட்டைச் சுவரோரம் பிடித்து வைத்திருப்பது, சின்னச் சின்ன ஆணிகள் மேல்நோக்கி நிற்கும் மெல்லிய மரச்சட்டம். கிரிப்பர் என்பார்கள். நல்ல கூர்மை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குறடால் மூலை நூலைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்தால் கழன்று வரும், பார்த்த பிறகு அழுத்தினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். மூன்று விஷயம் பாருங்கள். கார்ப்பெட்டின் முதுகில் வளையம் வளையமாகப் பழுப்புக் கறை இருக்கிறதா? அண்டர்லே பிசுபிசுப்பாகவோ, தொட்டால் தூளாக உதிர்வதாகவோ இருக்கிறதா? கிரிப்பர் ஆணிகள் துருப்பிடித்துக் கறுத்து, மரம் ஊறியிருக்கிறதா? ஆணி துரு என்றால் பெரும்பாலும் அந்த இடம் ஒரு தடவை தண்ணீர் கொட்டி நின்றதல்ல, திரும்பத் திரும்ப நனைந்திருக்கிறது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாச் சோதனையையும்விட இந்தத் துரு நம்பகமான அறிகுறி.

ஒரே எச்சரிக்கை. 2000-க்கு முன் கட்டிய வீட்டில் கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய வினைல் டைலோ கறுப்புப் பசையோ தெரிந்தால், சுரண்டாமல் அப்படியே மூடிவிட்டு ஏஜென்டுக்கு எழுதுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-ல்தான்.

## அறிகுறி: மழை நாளிலும் ஹீட்டிங் போட்டாலும் கூடும் காரமான வாடை

இது நாய், பூனையின் மூத்திரம். முந்தைய குடித்தனம் போய் எவ்வளவு காலம் ஆனாலும் வரும். மூத்திரம் காய்ந்த பிறகு யூரிக் அமிலம் உப்புப் படிகமாகத் தங்கிவிடும். அது தண்ணீரில் எளிதில் கரையாது, சாதாரண ஷாம்பூவுக்கும் மசியாது. காற்றில் ஈரம் ஏறும்போது படிகம் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நாறத் தொடங்கும். கோடையில் வாடையே இல்லாத அறை நவம்பரில் நாறுவதற்கு இதுதான் காரணம்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள், சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். இருட்டிய பிறகு, திரை எல்லாம் இழுத்துவிட்டு, தரைக்கு அருகே பிடித்துப் பார்த்தால் மூத்திரம் பட்ட இடம் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புக் கறையும் சில பானங்களும் ஒளிரும் என்பதால், ஒளிர்ந்த இடத்தை முகர்ந்து உறுதி செய்துகொண்டு, மாஸ்கிங் டேப்பால் சுற்றி எல்லை போடுங்கள். மேலே உள்ளங்கை அகலம் தெரிந்தால் அண்டர்லேயில் அதைவிடப் பெரிய வட்டமாகப் பரவியிருக்கும். டேப்பைத் தாராளமாகத் தள்ளியே ஒட்டுங்கள்.

இதற்கு வேலை செய்வது என்சைம் கலந்த கிளீனர், செல்லப்பிராணிக் கடைகளிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஆனால் பலர் மேலாக நாலு தடவை ஸ்ப்ரே அடித்துவிட்டு ‘பயனில்லை’ என்கிறார்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் மருந்தும் போக வேண்டும். ஊற்றுங்கள், அண்டர்லே வரை இறங்கட்டும். சீக்கிரம் காய்ந்துவிட்டால் என்சைம் வேலையை நிறுத்திவிடும், அதனால் மேலே கிளிங் ஃபிலிம் போர்த்தி, பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு ஈரமாகவே வையுங்கள். பழைய கறை என்றால் ஒரு ராத்திரி முழுக்க வைக்கலாம். பிறகு பழைய டவலைப் போட்டு, ஏறி நின்று மிதித்து ஒற்றி எடுத்து, ஃபேன் வைத்துக் காயவிடுங்கள். இடையில் நாற்றம் கூடியது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் இன்னொரு தடவை செய்யுங்கள்.

மருந்து ஊற்றுமுன் கார்ப்பெட் கம்பளியா செயற்கை நூலா என்று பார்க்க வேண்டும். புரதத்தைச் சிதைக்கும் என்சைம் கம்பளியையும் அரிக்கும், ஏனென்றால் கம்பளியே புரதம்தான். மூலையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, சிங்க்குக்கு மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி மணி போல இறுகினால் நைலானோ பாலிப்ரோப்பிலீனோ. கம்பளி என்றால் ‘கம்பளிக்கு ஏற்றது’ என்று லேபிளில் போட்டதை மட்டும் வாங்கி, மறைவான மூலையில் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. பிளீச் ஊற்றாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும், கார்ப்பெட்டின் நிறமும் போகும். ஆவி மெஷினும் வேண்டாம். சூடு பட்டால் மூத்திரக் கறையும் நாற்றமும் நூலோடு இறுகிவிடும்.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் நாறினால் மூத்திரம் பலகைக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தப் பகுதி அண்டர்லேயை வெட்டி எடுத்து, பலகையைக் கழுவிக் காயவைத்து, ஷெல்லாக் பிரைமர் அடித்து நாற்றத்தை அடைக்க வேண்டும். அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பணத்தில், அவர் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

## அறிகுறி: நனைந்த சாக்கு வாடை, குறிப்பாகச் சுவரோரம்

இது ஈரம். கார்ப்பெட் குற்றவாளி இல்லை, ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இதற்கு மருந்து கிடையாது.

பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் நாறுகிறதா? ஷவர் ட்ரே ஓரத்து சிலிக்கான் விட்டுப்போயிருக்கும். குளிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடித் தண்ணீர் ஹால் கார்ப்பெட்டுக்கு அடியில் போகும். ரேடியேட்டர் அடியில் மட்டும் நாறினால், வால்வில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் கறுப்பாகவோ துரு நிறத்திலோ ஈரம் இருந்தால் கசிவு உறுதி.

பழைய விக்டோரிய வரிசை வீடுகளில் கீழ்த்தளம் பெரும்பாலும் பலகைத் தரை. அதன் அடியில் காற்றோட்டத்துக்காக வெளிச்சுவரில், தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டை போட்ட செங்கற்கள் இருக்கும். தோட்டத்து மண்ணோ காய்ந்த இலையோ குப்பைத் தொட்டியோ அதை அடைத்திருந்தால், அடித்தளத்தில் ஈரம் தேங்கி வாடை மேலே வரும். வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள். அடைத்திருக்கும் இலையை அகற்றுவது ஐந்து நிமிட வேலை. சிமென்ட் தரை என்றால், மூலையைத் தூக்கி, சிமென்ட் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. மேல்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்.

காற்றின் ஈரம் என்றால் அதில் நம் பங்கும் இருக்கலாம். அரிசிக் குக்கரின் ஆவி, மூடி போடாமல் கொதிக்கும் சாம்பார், ரேடியேட்டர் மேல் காயும் துணி எல்லாம் சேரும். ஒரு மெஷின் துணியிலிருந்து 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. மாணவர்கள் பகிர்ந்து தங்கும் அறைகளில் இன்னொன்றும் நடக்கும்: மெத்தையை நேராகக் கார்ப்பெட் மேல் போட்டுப் படுப்பது. உடம்பின் வெக்கையும் வேர்வையும் கீழே இறங்கி, குளிர்ந்த தரையில் நீராகிவிடும். காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பத்துப் பவுண்டுக்கு ஒரு ஈரப்பத மானி வாங்குங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து 70-க்கு மேல் போனால் பூஞ்சைக்கு வழிவிட்டது போலத்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்று, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஃபேன், அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு கையளவு இடைவெளி. இவ்வளவும் செய்தும் குறையவில்லை என்றால் கட்டடத்தில்தான் கோளாறு.

கார்ப்பெட் நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வேண்டும், அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். முதுகுப் பக்கம் பூஞ்சை கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வந்துவிட்டால், அந்தக் கார்ப்பெட்டைக் கழுவிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் அந்த அறையில் படுக்கவே வைக்காதீர்கள். இந்த இடத்தில் பொறுமை காட்ட வேண்டியதில்லை.

## அறிகுறி: பழைய சிகரெட் வாடை

இதில் கார்ப்பெட் ஒரு பங்குதான். புகையின் பிசின் சுவர், கூரை, திரை, கதவு எல்லாவற்றிலும் படிந்திருக்கும். ஈரத் துணியால் சுவரை ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள், துணி மஞ்சளானால் முதலில் சுவரைத்தான் கழுவ வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் சுகர் சோப் அதற்குத்தான். திரையைத் துவையுங்கள். அப்புறம் கார்ப்பெட்டில் ஆப்பச் சோடாவைப் பரவலாகத் தூவி, பிரஷ்ஷால் நூலுக்குள் தள்ளி, ஒரு ராத்திரி விட்டு, மெதுவாக இரண்டு திசையில் வேக்கும் போடுங்கள். சோடாத்தூள் ஃபில்டரை அடைக்கும், முடிந்ததும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். இந்த நாற்றத்துக்கு மெஷின் கழுவல் உண்மையில் உதவும், ஆனால் சுவர் முடிந்த பிறகு.

## அறிகுறி: தாளிப்பு, மீன், பழைய எண்ணெய்

சமையலறையை ஒட்டிய அறையிலும் படிக்கட்டிலும் வரும். எண்ணெய்ப் புகை நூலில் படிந்து, தூசியைப் பிடித்து வைத்திருக்கும். ஆப்பச் சோடா, வேக்கும், பிறகு லேசான மெஷின் கழுவல் போதும். சமைக்கும்போது இடைக்கதவைச் சாத்தி வையுங்கள்.

வாடையை மறைக்கச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வழக்கம். சாமிக்குப் போடுங்கள், கார்ப்பெட்டுக்காகப் போடாதீர்கள். அந்தப் புகையும் நூலில்தான் படியும், மூத்திர வாடையோடு சேர்ந்து இன்னும் கனமான ஒன்றாக மாறும். வாசனைப் பொடிகளும் அப்படித்தான்.

## அறிகுறி: கழுவிய பிறகுதான் நாறுகிறது

தண்ணீர் கூடிப்போச்சு, அல்லது சோப்பு தங்கிப்போச்சு. கால் வைத்தால் பிசுக்கென்று ஒட்டினால் சோப்பு. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து, லேசாகத் தெளித்து ஒற்றி எடுங்கள். மறைவான இடத்தில் நிறம் போகிறதா என்று முதலில் பாருங்கள். சில மணி நேரத்தில் வினிகர் வாடை போய்விடும்.

மெஷின் வாடகைக்கு எடுத்தால் தண்ணீர் விட்டு ஒரு தடவை, தண்ணீர் விடாமல் உறிஞ்சி மட்டும் இழுப்பது இரண்டு மூன்று தடவை. உறிஞ்சும் வேலையில்தான் நேரம் போக வேண்டும். டிசம்பரில் கழுவாதீர்கள், மே முதல் செப்டம்பர் வரை ஒரு வெயில் நாளில், விடிந்ததும் ஆரம்பியுங்கள். நாற்காலி, கட்டில் கால்களுக்கு அடியில் ஃபாயில் தாள் வைக்காவிட்டால் துருக் கறை பிடிக்கும்.

## அறிகுறி: திடீரென்று அழுகல் வாடை

அழுகிய முட்டை வாடை என்றால் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அது எரிவாயுக் கசிவாக இருக்கலாம். ஸ்விட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், 0800 111 999 என்ற இலவச அவசர எண்ணை அழையுங்கள். அழுகிய மாமிச வாடை, கூடவே ஈக்கள் என்றால் பலகைக்கு அடியில் எலி செத்திருக்கிறது. சில வாரத்தில் தானாக அடங்கும், ஆனால் எலி வந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி எழுதுங்கள்.

## எல்லாம் செய்தும் போகவில்லை: வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது

‘கார்ப்பெட் நாறுகிறது’ என்று எழுதினால் ‘கழுவிக்கொள்ளுங்கள்’ என்று பதில் வரும். 1985-ம் ஆண்டு வீட்டுக்காரர்-குடியிருப்போர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11-ம் பிரிவு, கட்டடத்தின் அமைப்பு, வெளிப்புறம், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், ஹீட்டிங் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. கார்ப்பெட் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நாற்றத்தின் காரணத்தை எழுதுங்கள்: ‘ஷவர் ட்ரே கசிந்து ஹால் தரை நனைகிறது, கிரிப்பர் துருப்பிடித்திருக்கிறது, பூஞ்சை தெரிகிறது, போட்டோ இணைப்பில்’ என்று. கசிவைச் சரிசெய்வது அவர் கடமை, அந்தக் கசிவால் கெட்ட கார்ப்பெட்டை மாற்றச் சொல்ல அப்போது வலுவான வாதமும் கிடைக்கிறது. வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018-ம் ஆண்டுச் சட்டம் 2019 மார்ச் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈரமும் பூஞ்சையும் அதில் அடங்கும். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போகலாம், வந்து பார்க்கக் கேட்கலாம்.

வெறும் பழைய மூத்திர நாற்றம் மட்டும் என்றால் சட்டம் அவ்வளவு கைகொடுக்காது, பேசித்தான் ஆக வேண்டும். குடிவந்த முதல் வாரத்தில் கேட்பதற்குத்தான் பலன் அதிகம். முழு வீட்டையும் கேட்காமல், மோசமான ஒரு அறைக்கு மட்டும் கேளுங்கள். ‘அண்டர்லேயோடு சேர்த்து மாற்றுங்கள்’ என்பதை மறக்காமல் எழுதுங்கள். பழைய அண்டர்லே மேல் புதுக் கார்ப்பெட் போட்டால் நாற்றம் அப்படியே திரும்பி வரும். உங்கள் செலவில் நீங்களே மாற்ற முன்வந்தால், எழுத்தில் அனுமதி வாங்காமல் பழையதைக் கழற்றாதீர்கள்.

## காலி செய்யும்போது

‘தொழில்முறைக் கார்ப்பெட் கிளீனிங்குக்குப் பணம் கட்டு’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி அந்தக் கட்டணத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. குடிவந்தபோது இருந்த சுத்தத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். நாட்பட்ட இயல்பான தேய்மானத்துக்கும் பிடித்தம் செய்யக் கூடாது. பத்து வருடக் கார்ப்பெட்டுக்குப் புதுக் கார்ப்பெட்டின் முழு விலையைக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டெபாசிட்டைப் பாதுகாக்கும் அரசு அங்கீகாரத் திட்டத்தில் தகராறு தீர்க்கும் வசதி இலவசம். ஏஜென்ட் ‘நீங்கள்தான் நாற வைத்தீர்கள்’ என்றால், முதல் வாரத்து மின்னஞ்சலையும் தேதி போட்ட போட்டோக்களையும் அங்கே சமர்ப்பியுங்கள். பிடித்தம் நியாயம் என்று நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான், நீங்கள் அல்ல.